நடுவிலை மீட்டர் போதுமா?

கரமனையில் தொடங்கி பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லைக்கு வரும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரிக்கல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மல்ட்டிமீட்டர் வேண்டுமென்று கேட்டால் பேச்சு பொதுவாக மூன்று தரத்தில் நடக்கும். முதலாவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி-830 வகை மஞ்சள் மீட்டர். இரண்டாவது, இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரையில் வரும் மெக்கோ, மோட்வானே, யூனி-டி போன்றவை. மூன்றாவது, பெரும்பாலும் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டிய ஃப்ளூக், ஹியோக்கி. ஃப்ளூக்கின் பேர்போன 87-5 மாடலுக்கு நாற்பதாயிரம் ரூபாய் வாக்கில் எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றையும் வீட்டுச் சுவரிலிருக்கும் ஒரே சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்று 231 என்று காட்டும், இன்னொன்று 230.4 என்னும், மூன்றாவது 230.7 என்னும். மின்விசிறி ஓடுமா, மோட்டார் தாங்குமா என்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே பதில்தான். அப்படியானால் பத்து மடங்கு விலை எதற்கு? விடை திரையில் இல்லை. கரண்டு ஒழுங்காக இல்லாத நேரத்தில், கை தவறுகிற நேரத்தில், மீட்டருக்கு வயதாகிற நேரத்தில்தான் விலையின் வித்தியாசம் வெளியே வரும்.

எண்ணத் தெரிந்த பெட்டி

முதலில் மலிவு மீட்டருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். முந்நூறு ரூபாய்ப் பெட்டி இவ்வளவு சரியாக அளப்பதே ஓர் அதிசயம். 1923இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஏவோ மீட்டர்தான் இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை. தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடி, ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று கருவிகளைச் சுமந்து சலித்துப்போய் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தார். அதில் காந்தமும் சுருளும் முள்ளும் நேர்த்தியாக அமைந்தாக வேண்டும். அதனால் விலையும் அதிகம். 1970களின் பிற்பகுதியில் இன்டர்சில் நிறுவனத்தின் ஐசிஎல்-7106 என்ற சிப் வந்தபோது கதை மாறியது. அந்தச் சிப்பின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மஞ்சள் மீட்டர்களுக்குள் கருப்பு மெழுகுத் துளிபோல ஒட்டிக்கிடக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் இது. அளக்க வேண்டிய மின்னழுத்தத்தைக் கொண்டு ஒரு கெப்பாசிட்டரைச் சரியாக 1000 துடிப்பு நேரம் சார்ஜ் செய்கிறது. பிறகு, அளவு தெரிந்த ஒரு குறிப்பு மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் கொடுத்து அதை வடிக்கிறது. பூஜ்ஜியத்தைத் தொட எத்தனை துடிப்பு ஆயிற்று என்று எண்ணுகிறது. குறிப்பு 100 மில்லிவோல்ட். வடிவதற்கு 1263 துடிப்பு ஆனால், உள்ளே வந்தது 126.3 மில்லிவோல்ட். எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்று தெரியாத குழாயில் பத்து நிமிடம் குடத்தைப் பிடித்துவிட்டு, வேகம் தெரிந்த, சீராக வடியும் துளை வழியே அதைக் காலிசெய்து நேரம் பார்ப்பது போலத்தான் இது. குடம் பெரிதா சிறிதா, கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்ற கவலையே இல்லை. நிரப்பியதும் காலிசெய்ததும் அதே குடம், அதே கடிகாரம் என்பதால் அவற்றின் குறைகள் கணக்கில் அடிபட்டுப் போகின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிப்பின் கடிகாரத்தை 40 கிலோஹெர்ட்ஸில் ஓடவிட்டால், சார்ஜ் ஆகும் நேரம் சரியாக 100 மில்லிசெகண்டு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது முழுசாக ஐந்து சுற்று. சுற்றியிருக்கும் வயர்களிலிருந்து தொற்றிக்கொள்ளும் இரைச்சலின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஐந்து ஐந்தாக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸிலும் அது முழுசாக ஆறு சுற்று. ஆகவே ஒரே பெட்டியை இரண்டு நாட்டிலும் விற்கலாம்.

ஆக, தவறக்கூடிய இடங்கள் மிஞ்சுவது இரண்டுதான்: குறிப்பு மின்னழுத்தம், பெரிய வோல்ட்டைச் சிறியதாக்கிக் கொடுக்கும் ரெசிஸ்டர் வரிசை. உயர்ந்த விலை மீட்டரில் பணத்தின் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. வெயிலுக்கும் வயதுக்கும் அசையாத குறிப்பு, ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கிய ரெசிஸ்டர்கள்.

தாளில் இருக்கும் உண்மை

மீட்டரோடு வரும் சிறு தாளை யாரும் படிப்பதில்லை. அதில்தான் எத்தனை வோல்ட் வரை தவறலாம் என்று கம்பெனியே எழுதித் தருகிறது. டிடி-830 வகையில் ஏசிக்குப் பொதுவாக 1.2 சதவீதமும் கூடவே 10 எண்ணும் பிழை அனுமதி. 230 வோல்ட்டில் 1.2 சதவீதம் 2.8, திரை ஒரு வோல்ட் படியில் நகர்வதால் 10 எண் என்பது 10 வோல்ட். ஆக 217 முதல் 243 வரை எதைக் காட்டினாலும் அது தன் வாக்கை மீறவில்லை.

நடுவிலை மீட்டர் ஒன்றில் 1 சதவீதமும் 3 எண்ணும் என்றிருக்கும். படி 0.1 வோல்ட் என்பதால் மொத்தம் 2.6 வோல்ட். ஃப்ளூக் 87-5இல் வீட்டு மின்சாரத்துக்கு 0.7 சதவீதமும் 2 எண்ணும், மொத்தம் 1.8 வோல்ட். முதல் தாவலில் பதின்மூன்று வோல்ட் பிழை இரண்டரைக்கு இறங்கியது. அடுத்த தாவலில், முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது 0.8 வோல்ட்.

டிசியில் வித்தியாசம் பெரிது. நடுவிலையில் 0.5 சதவீதமும் 3 எண்ணும்; 87-5இல் 0.05 சதவீதமும் 1 எண்ணும். இன்வெர்ட்டர் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி காலி. நடுவிலை மீட்டர் இதில் அதிகம் தவறினால் 0.09 வோல்ட். நிறைந்ததையும் பாதியையும் அது குழப்பாது. ஆய்வுக்கூடத்தில் சென்சார் ஒன்றின் மில்லிவோல்ட்டைப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்தப் பத்து மடங்கு துல்லியம் காசுக்குத் தகும்.

அலை கெட்டால்

இதுவரை பேசியது சுத்தமான சைன் அலை. கரண்டு போய் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கினால் நிலைமை வேறு. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. பழைய பாணி மீட்டர் அலையின் சராசரியை எடுத்து 1.11ஆல் பெருக்கிக் காட்டும். சைன் அலைக்கு அந்தப் பெருக்கல் சரி. சதுர அலைக்குப் பெருக்கவே தேவையில்லை. ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. உண்மையில் 220 வோல்ட் தரும் சதுர அலை இன்வெர்ட்டரை அது 244 என்று காட்டும். ‘அடிக்கிறது, குறைத்துவிடலாம்’ என்று ஒழுங்காக இருக்கும் இன்வெர்ட்டரைத் திருகிக் கெடுக்க இது போதும்.

மறுபக்கமும் உண்டு. எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் கரண்டைச் சீராக இழுப்பதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் ஒரு குத்து குத்தி எடுக்கின்றன. அந்தக் குத்துகளின் சராசரி சிறியது, சூடாக்கும் வலுவோ பெரியது. சராசரி மீட்டர் இங்கே உண்மையைவிட மிகவும் குறைத்துக் காட்டும். நாற்பது சதவீதம் வரைகூடக் குறையலாம். வயர் சுடும், மீட்டர் ‘ஒன்றுமில்லை’ என்னும்.

இதற்கு மருந்து ட்ரூ ஆர்எம்எஸ். அலை எந்த வடிவில் இருந்தாலும் அதன் சூடாக்கும் வலுவைக் கணக்கிட்டுச் சொல்லும் சுற்று. ஒரு காலத்தில் உயர்விலை மீட்டரில் மட்டும் இருந்த இந்த வசதி இன்று நடுவிலைப் பெட்டியிலும் வருகிறது. பெட்டியின் முகத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவில்லை.

இல்லாத வோல்ட்

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே குழாய்க்குள் இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டு போகும். விளக்கு எரியும்போது அவற்றில் ஒன்றில் கரண்டு ஓடும். மற்றொன்று இரு முனையிலும் எதனோடும் சேராமல் சும்மா கிடக்கும். அந்தச் சும்மாக் கம்பியை மீட்டரில் பார்த்தால் நூறு, நூற்றைம்பது என்று ஏதோ ஒன்று காட்டும். டெஸ்டரும் மினுக்கும். புதிதாக வேலைக்கு வந்த வயர்மேன் தலையைச் சொறிவார்.

அருகருகே ஓடும் இரண்டு கம்பிகள், நடுவே பிவிசி உறை. இதுவே ஒரு கெப்பாசிட்டர்தான். பத்து மீட்டர் நீளத்தில் சுமாராக அரை நானோஃபாரட் வரும் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அது 64 லட்சம் ஓம் தடைக்குச் சமம். மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். உயிருள்ள கம்பியிலிருந்து 64 லட்சம் ஓம் வழியாகக் கசிந்து, ஒரு கோடி ஓமில் வந்து நிற்கும்போது கணக்கு ஏறக்குறைய 194 வோல்ட் என்று முடியும். சுவரும் நியூட்ரலும் கொஞ்சம் பிடித்து இழுப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். வோல்ட் இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் ஆள் இல்லை: ஓடக்கூடிய கரண்டு சில பத்து மைக்ரோ ஆம்பியர்.

அணைத்துவிட்ட எல்இடி விளக்கு இரவில் மங்கலாக மினுங்குவதற்கும் பெரும்பாலும் இதே கசிவுதான் காரணம். குண்டு பல்பு காலத்தில் அந்தக் கசிவு யார் கண்ணிலும் படவில்லை. எல்இடிக்கு அது போதுமானதாக இருக்கிறது.

மீட்டரின் மேல் குற்றமில்லை. அளக்கப்படும் சுற்றைக் கலைக்காமலிருக்கத்தான் உள்தடையை ஒரு கோடியாக வைத்திருக்கிறார்கள். சில உயர்விலை மீட்டர்களில் லோ-இசட் என்று தனி நிலை இருக்கும். ஃப்ளூக் 117இல் அது சுமார் 3000 ஓம். அதே கம்பியை அதில் பார்த்தால் திரையில் 0.1 வோல்ட். பூதம் மறைந்துவிடும். இந்த வசதி இப்போது நடுவிலை மாடல்கள் சிலவற்றிலும் வருகிறது. வீட்டு வயரிங் வேலை செய்பவருக்கு, இரண்டு தசமம் கூடுதலாகக் காட்டும் திரையைவிட இது அதிகம் உதவும்.

ஒரு கணம்

இனி வருவதுதான் விலையின் பெரும்பங்கு. ஐப்பசியில், மலையாளத்தில் துலாவர்ஷம் என்று சொல்லும் அந்த மாதங்களில், மலைப்பக்கமிருந்து மதியத்துக்கு மேல் இடி இறங்கும். சித்திரை கோடைமழையும் அப்படித்தான். தூரத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலும் திறந்தவெளிக் கம்பிகளில் சில ஆயிரம் வோல்ட் ஒரு கணம் ஓடிவரலாம். அந்தக் கணத்தில் யாராவது சுவிட்ச்போர்டில் மீட்டரை வைத்திருந்தால், மீட்டருக்குள் ஒரு பொறி பாயும். பொறி பாய்ந்த பாதை கடத்தியாகிவிடும்; பின்னாலேயே டிரான்ஸ்ஃபார்மரின் முழு வலுவும் அதே பாதையில் வரும். மின்னல் ஒரு கணத்தில் முடிந்துவிடும், பின்னால் வருவது முடியாது. பெட்டி கையில் வெடிப்பது அதனால்தான்.

இதற்காகத்தான் ஐஇசி 61010 என்ற தரத்தில் கேட்-2, கேட்-3, கேட்-4 என்று வகுத்திருக்கிறார்கள். சாக்கெட்டில் செருகும் கருவிகளுக்குக் கேட்-2. வீட்டு விநியோகப் போர்டு, நிலையாகப் பொருத்திய மோட்டார் ஆகியவற்றுக்குக் கேட்-3. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் லைனுக்கும் மீட்டர் பெட்டிக்கும் கேட்-4. இதில் கடையில் பலரும் தவறும் ஓர் இடம் இருக்கிறது. கேட்-2 1000 வோல்ட் என்று ஒரு மீட்டர், கேட்-3 600 வோல்ட் என்று இன்னொன்று. எது உறுதி? எண்ணைப் பார்த்தால் முதலாவது. சோதனையைப் பார்த்தால் இரண்டாவது. இரண்டையும் 6000 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் கேட்-2க்கு அது 12 ஓம் வழியாக வருகிறது. அதிகம் போனால் 500 ஆம்பியர். கேட்-3க்கு 2 ஓம் வழியாக; 3000 ஆம்பியர். அடி ஒன்றுதான், அடிப்பவனின் பலம் ஆறு மடங்கு.

அடுத்தது கைப்பிழை. ஆம்பியர் பார்த்துவிட்டு, சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, அப்படியே சாக்கெட்டில் வோல்ட் பார்ப்பது. நூறு தடவை சரியாகச் செய்தவரும் சாயங்கால அவசரத்தில் செய்வது. அந்தத் துளைக்குள் இருப்பது கிட்டத்தட்ட வெறும் கம்பி. ஃபேஸையும் நியூட்ரலையும் மீட்டர் நேராகச் சேர்த்துவிடும். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் அடியிலேயே இது நடந்தால் பாயக்கூடியது 3000 ஆம்பியரைத் தொடும். வீடு தள்ளிப்போகப் போகக் குறையும். ஆனாலும் நூற்றுக்கணக்கில்தான் இருக்கும்.

இப்போது மூன்று மீட்டர்களையும் திறந்து பார்த்தால் காசு போன இடம் கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் மீட்டரில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது; ஃப்யூஸ் இல்லை என்று முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். நடுவிலையின் கீழ்த்தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கண்ணாடி ஃப்யூஸ் இருக்கும். அந்த வகை 10 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ் ஒன்று பத்திரமாகத் துண்டிக்கக் கடமைப்பட்டது 100 ஆம்பியர் வரைதான். அதற்கு மேல் போனால் உள்ளே கம்பி உருகினாலும் அதன் ஆவி வழியே நெருப்பு தொடர்ந்து பாயும், கண்ணாடி சிதறும். உயர்விலை மீட்டரில், நல்ல நடுவிலை மீட்டரிலும், விரல் பருமனில் ஒரு பீங்கான் ஃப்யூஸ் இருக்கும். உள்ளே நிறைய மணல். கம்பி உருகிப் பொறி பாயும்போது மணல் அந்தச் சூட்டைக் குடித்து, உருகிக் கண்ணாடியாகி, பாதையை அடைத்துவிடும். 87-5இல் இருப்பது 1000 வோல்ட்டுக்கான 11 ஆம்பியர் ஃப்யூஸ். ஆயிரக்கணக்கான ஆம்பியரையும் சத்தமில்லாமல் துண்டிக்கும். இந்த ஃப்யூஸ் ஒன்றின் விலைக்கே ஒரு மஞ்சள் மீட்டர் வாங்கலாம்.

அதோடு, அச்சுப் பலகையில் உயர்வோல்ட் தடங்களுக்கு நடுவே வெட்டிவிட்ட இடைவெளி, அதிர்ச்சியை விழுங்கும் நாணய வடிவ வேரிஸ்டர்கள், லீடின் தடித்த உறை. கூரையில் சோலார் பலகை வைக்கும் வேலைக்குப் போகிறவர் இதையெல்லாம் இரண்டு முறை பார்க்க வேண்டும். அங்கே ஓடுவது சில நூறு வோல்ட் டிசி. ஏசி ஒரு செகண்டில் நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடும். பொறி அணைய வாய்ப்பு கிடைக்கும். டிசி பூஜ்ஜியத்தைத் தொடுவதே இல்லை.

மஞ்சள் நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். கருஞ்சாம்பல் முகமும் மஞ்சள் விளிம்பும் அமெரிக்காவில் ஃப்ளூக்கின் பதிவுபெற்ற அடையாளம். 2014இல் ஸ்பார்க்ஃபன் என்ற நிறுவனம் வரவழைத்த சுமார் 2000 மீட்டர்களை அந்த நிறத்துக்காகவே அங்கே சுங்கத்தில் நிறுத்திவைத்தார்கள். நம் ஊரில் மலிவு மீட்டரும் மஞ்சள்தான்.

எல்லை அறியாத ஹெர்ட்ஸ்

மூன்றாவது, வெயிலும் வயதும். எந்த மீட்டரின் துல்லியமும் 23 டிகிரியைச் சுற்றி 5 டிகிரிக்குள்தான் செல்லும், தாளிலேயே எழுதியிருக்கும். 28க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பிழையில் பத்திலொரு பங்கு கூடுவது நடுவிலையில் வழக்கம். பாலராமபுரத்தில் பங்குனி மதியத்தில் 34 டிகிரி என்றால் 0.5 சதவீதம் 0.8 ஆகிவிடும். 87-5இல் அந்தக் கூடுதல் இருபதிலொரு பங்கு. இதோடு வருடங்கள் போகப் போகக் குறிப்பு மின்னழுத்தமும் மெல்ல நகரும். அதைச் சரிபார்க்கத்தான் காலிபிரேஷன். திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் மின்னணுச் சோதனைக் கூடம் உண்டு; அளவுகளின் தலைமைப் பீடம் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம்.

நடுவிலை மீட்டர் உயர்விலைக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கும் ஓர் அளவு உண்டு: ஹெர்ட்ஸ். அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை, எண்ணினால் போதும்; எண்ணுவதற்கு மலிவான குவார்ட்ஸ் படிகமே தாராளம். இந்த எண்ணுக்கு மாநில எல்லையும் கிடையாது. 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அடுத்த ஆண்டு இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி மின்வாரியம் வந்தது. பாறசாலை வீட்டுக்குக் கேரள வாரியத்தின் பில், களியக்காவிளை வீட்டுக்குத் தமிழ்நாட்டு வாரியத்தின் பில். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் ஹெர்ட்ஸ் பார்த்தால் ஒரே எண் வரும். 2013 டிசம்பர் 31இல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு சேர்ந்த பிறகு, காஷ்மீர் வீட்டிலும் அதே எண்தான்.

உலகின் மிகத் துல்லியமான வோல்ட்டும் இப்படி எண்ணும் வழியில்தான் கிடைக்கிறது. பிரையன் ஜோசப்சன் 1962இல் முன்கூட்டிச் சொன்ன விளைவின்படி, மிகக் குளிர்ந்த மீக்கடத்திச் சந்தி ஒன்றில் நுண்ணலையைச் செலுத்தினால் அதன் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மின்னழுத்தம் படிப்படியாக எழும். ஒரு வோல்ட்டுக்கு 483597.8484 கிகாஹெர்ட்ஸ். 2019 மே 20 முதல் உலக அளவு முறையில் இந்த எண் மாறாததாக நிற்கிறது. வோல்ட்டை அளப்பதில் முடிவான வழியும் எண்ணுவதாகவே முடிந்தது.

எதை வாங்குவது?

பள்ளி மாணவர் பேட்டரியும் சின்னச் சுற்றும் பார்க்க மஞ்சள் மீட்டர் தாராளம். சுவர் சாக்கெட்டின் பக்கம் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான். வீட்டு வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் வேலைக்கு நடுவிலை போதும். அதில் கேட்-3 600 வோல்ட், பீங்கான் ஃப்யூஸ், ட்ரூ ஆர்எம்எஸ் மூன்றும் இருக்க வேண்டும். முகத்தில் அச்சடித்த கேட் எண்ணை மட்டும் நம்பாமல், சுயேச்சையான சோதனைக் கூடத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கம்பத்து லைன், தொழிற்சாலைப் போர்டு, முப்பந்தல் காற்றாலை என்று தினமும் ஏறுகிறவருக்கு உயர்விலை ஆடம்பரமில்லை. அவர் வாங்குவது துல்லியத்தை அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் எந்த விலையிலும் கிடைக்காத ஒன்று உண்டு. திரையில் பூஜ்ஜியம் வந்தால் அதற்கு இரண்டு பொருள்: லைனில் கரண்டு இல்லை, அல்லது மீட்டரின் லீடு உள்ளே அறுந்திருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் மீட்டரும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அதனால் தெரிந்த லைன் ஒன்றில் முதலில் பார்த்து, பிறகு கை வைக்கப்போகும் கம்பியில் பார்த்து, மறுபடியும் தெரிந்த லைனில் பார்க்க வேண்டும். மூன்றாவது முறையும் 230 வந்தால்தான் நடுவில் வந்த பூஜ்ஜியம் உண்மை.